பண்ணைக்குட்டை: மானாவாரி விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களை மனதில் வைத்துத் தொகுத்தது. கரிசல், செவல் இரண்டுக்கும் பொருந்தும். கணக்குகள் எல்லாம் ஒரே குட்டைக்குப் போட்டவை: மேல்வாய் 70க்கு 70 அடி, ஆழம் 7 அடி. உங்கள் அளவு வேறு என்றால் இதே வழியில் போட்டுக்கொள்ளலாம்.

1. பண்ணைக்குட்டைன்னா என்ன? ஊருணி, கண்மாய் மாதிரிதானா?

இல்லை. ஊருணி ஊருக்குப் பொதுவான குடிநீர். கண்மாய்க்கு வரத்துக்கால், மடை, ஆயக்கட்டு எல்லாம் உண்டு. பண்ணைக்குட்டை உங்கள் பட்டா நிலத்துக்குள் வெட்டுவது. உங்கள் காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், பெய்து வழிந்தோடும் மழையை மட்டும் பிடித்து வைக்கும். ஓடையை மறித்துக் கரை போடுவதும் இதுவும் ஒன்றல்ல. தண்ணீர் முழுக்கத் தரைமட்டத்துக்குக் கீழேயே நிற்பதால் கரை உடைந்து ஊருக்குள் புகுந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

2. கிணறு இருக்கு, போர் இருக்கு. அப்புறம் குட்டை எதுக்கு?

நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து அடைமழையாகக் கொட்டிவிட்டு இடையில் பதினைந்து இருபது நாள் முகம் காட்டாமல் போய்விடும். அந்த இடைவெளி மக்காச்சோளம் கதிர் தள்ளும் நேரத்திலோ, மிளகாய் பூக்கும் நேரத்திலோ, உளுந்து காய் பிடிக்கும் நேரத்திலோ வந்தால் மகசூல் போச்சு. அப்போது ஒரே ஒரு தண்ணீர், அதுதான் உயிர்த்தண்ணீர், கிடைத்தால் வெள்ளாமை தப்பிக்கும். குட்டையின் முதல் வேலை இதுதான். கோடையில் இரண்டாம் போகம் எடுக்கலாம் என்று வெட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள்.

கிணற்றில் நல்ல தண்ணீர் வருடம் முழுக்க இருக்கிறது என்றால் குட்டையால் உங்களுக்கு வேறு பயன், அதை 17-ல் பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீரைக் கலந்து பாய்ச்சினால் உப்பின் கடுமை குறையும். உப்புத் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் மிளகாய்க்காரர்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

3. இந்தக் குட்டையில எத்தனை லிட்டர் நிக்கும்? 70, 70, 7 பெருக்கினா 34,300 கன அடி வருதே?

நேராகப் பெருக்கக் கூடாது. பக்கங்கள் சரிவாக இறங்குவதால் அடி சின்னது. ஒன்றரைக்கு ஒன்று சரிவு என்றால், ஒரு அடி இறங்க ஒன்றரை அடி உள்ளே வர வேண்டும். 7 அடி ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் பத்தரை அடி உள்ளே வரும். ஆக அடித்தளம் 49க்கு 49 அடி, நடு ஆழத்தில் 59.5க்கு 59.5 அடி.

மேல்வாய்ப் பரப்பு 4,900, அடிப்பரப்பு 2,401, நடுப்பரப்பின் நாலு மடங்கு 14,161. மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுத்தால் சுமார் 25,000 கன அடி வரும். ஒரு கன அடி 28.3 லிட்டர். மொத்தம் ஏறக்குறைய 7 லட்சம் லிட்டர். மண் வெட்டுகிறவரோடு கன அடிக் கணக்கில் கூலி பேசினால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இல்லையென்றால் வெட்டாத 9,000 கன அடிக்கும் சேர்த்துப் பணம் போகும்.

4. ஏழு லட்சம் லிட்டர்னா எத்தனை ஏக்கர் பாயும்?

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 4,047 லிட்டர். வாய்க்காலில் ஒரு உயிர்த்தண்ணீர் விட 50 மில்லிமீட்டர் பிடிக்கும், அதாவது ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். ஆவியானதும் கசிந்ததும் போகக் கைக்கு நாலு லட்சம் லிட்டர் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கருக்கு ஒரு தண்ணீர், அல்லது ஒரு ஏக்கருக்கு இரண்டு தண்ணீர். அவ்வளவுதான்.

தெளிப்பு நீரிலோ மழைத்தூவானிலோ 30 மில்லிமீட்டர் போதும். அதே தண்ணீர் மூன்று ஏக்கருக்கு மேல் நனைக்கும். விநாடிக்கு 10 லிட்டர் தள்ளும் எஞ்சின் பம்பு 2 லட்சம் லிட்டரை இறைக்க ஐந்தரை மணி நேரம் எடுக்கும். டீசல் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. என் நாலு ஏக்கர்ல பெய்யற மழைக்கு இது நிறையுமா?

வடகிழக்குப் பருவத்தில் 400 மில்லிமீட்டர் பெய்தாலும் எல்லாம் ஓடி வராது. உழுத நிலத்தில் மண் குடித்தது போக நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஓடி வரும் என்று கணக்குப் போடுவது பாதுகாப்பு. அது 60 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 2.4 லட்சம் லிட்டர். மூன்று ஏக்கர் ஓட்டம் இந்தக் குட்டையை ஒரு தடவை நிறைக்கும். குட்டையின் மேல் நேராக விழும் மழை மட்டுமே சுமார் 1.8 லட்சம் லிட்டர் வரும், அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல் இரண்டு மழை வெடிப்புக்குள்ளேயே இறங்கிவிடும். குட்டைக்குச் சொட்டு வராது. மூன்றாவது மழையில் மண் ஊறி வெடிப்பு மூடிய பிறகுதான் ஓட்டம் பிடிக்கும். முதல் மழைக்கு நிறையவில்லை என்று வாய்க்காலை வெட்டி மாற்ற வேண்டாம்.

6. ஈசானிய மூலையிலதான் வெட்டணும்னு சொல்றாங்க. எங்க காட்டுல அது மேடு.

அப்படியானால் அங்கே வெட்டாதீர்கள். தண்ணீருக்குத் தெரிந்தது மேடும் பள்ளமும்தான். பெருமழை பெய்யும்போது குடையோடு காட்டுக்குப் போய், தண்ணீர் எங்கே சேர்கிறது, எந்த வரப்பை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்து வையுங்கள். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் குட்டை வர வேண்டும். மழை இல்லாத காலம் என்றால் நீளமான ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கலாம், கொத்தனார் செய்வது போலத்தான்.

பக்கத்துக் காட்டு எல்லையிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளுங்கள். உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் வேண்டாம். மண் வெட்டும் ஹிட்டாச்சி இயந்திரத்தின் கை மேலே தூக்கும்போது கம்பியைத் தொட்டுவிடும்.

7. 70க்கு 70ன்னா 11 சென்ட்தானே போகும்?

தண்ணீர்ப் பரப்பு மட்டும்தான் 11 சென்ட். வாய் ஓரத்திலிருந்து கரையடி வரை 5 அடி சும்மா விட வேண்டும், அதைத் திட்டு என்பார்கள். அதற்கு வெளியே இரண்டரை அடி உயரக் கரை போட்டால் அடி அகலம் பத்தரை அடி. எல்லாம் சேர்த்து 101க்கு 101 அடி, சுமார் 23 சென்ட்.

திட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம். திட்டு இல்லாத கரை மண் முதல் மழைக்கே உள்ளே சரிந்து குட்டையைத் தூர்க்கும்.

8. வெட்டறதுக்கு முன்னாடியே மண்ணு தண்ணியைப் பிடிக்குமான்னு பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, செலவும் இல்லை. ஈர மண்ணைக் கையில் உருட்டிப் பென்சில் கனத்துக்குத் திரியுங்கள். விரலளவு நீளம் உடையாமல் வந்தால் களி இருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்தால் நிற்காது. மேல்மண்ணை வைத்து முடிவு செய்யாமல் 3 அடி, 5 அடி, 7 அடி ஆழத்து மண்ணைத் தனித்தனியாகப் பாருங்கள். மேலே கரிசலும் நாலடிக்குக் கீழே சுண்ணாம்புச் சுக்கானும் சரளையும் கிடக்கும் காடுகள் நிறைய.

அடுத்தது ஊற்றுச் சோதனை. குட்டையின் அடி வரப்போகும் ஆழத்தில் ஒரு குழி எடுத்து, அதில் இரண்டு மூன்றடி தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் திரும்ப நிரப்பி, குச்சியில் அடையாளம் வைத்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குள் இறங்கினால் பயமில்லாமல் வெட்டலாம். சின்னக் குழி பக்கவாட்டில் அதிகம் கசியும், குட்டை இதைவிட நன்றாகவே நிற்கும். ஒரே நாளில் நாலைந்து அங்குலம் இறங்கினால் 15, 16-ஐப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

9. ஏழடியோட ஏன் நிறுத்தணும்? பதினஞ்சு அடி வெட்டினா தண்ணி ஜாஸ்தி நிக்குமே?

ஆழம் கூடினால் ஆவியாகும் பங்கு குறையும், உண்மைதான். ஆனால் ஒன்றரைக்கு ஒன்று சரிவில் 15 அடி இறங்கினால் அடி 25க்கு 25 ஆகச் சுருங்கிவிடும். மண் தூக்கும் செலவு அடிக்கு அடி ஏறும். எஞ்சின் பம்பு உறிஞ்சும் ஆழமும் இருபதடியைத் தாண்டினால் திணறும். 7 முதல் 10 அடி வரை சரியான நடு.

இராமநாதபுரம் கடலோரம் என்றால் இன்னொன்று. கீழே உப்பு ஊற்று இருக்கும் இடத்தில் ஆழம் போனால், மழைத்தண்ணீரோடு உப்பும் சேர்ந்துவிடும். கோடையில் பக்கத்துக் கிணற்று நீர்மட்டம் பார்த்து, அதற்கு மூன்றடி மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. சுவர் மாதிரி நேரா வெட்டினா இடம் மிச்சம்தானே?

முதல் வருடம் மிச்சம். தண்ணீரை வேகமாக இறைத்து மட்டம் சட்டென்று இறங்கும்போது ஊறிய பக்கமண் தாங்க ஆளில்லாமல் பாளம் பாளமாக விழும். செவலில் ஒன்றரைக்கு ஒன்று. கரிசல் ஊறினால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும், அதனால் இரண்டுக்கு ஒன்று வைத்தால் நிம்மதி. இறுகிய சரளையில் ஒன்றுக்கு ஒன்று நிற்கும். சரிவை மாற்றினால் 3-ல் உள்ள கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

11. வெட்டும்போது எதை முதல்ல செய்யணும்? டிரைவர் அவர் இஷ்டத்துக்கு வெட்டிட்டுப் போயிடறாரு.

வண்டி வருவதற்கு முதல் நாளே இரண்டு சதுரம் சுண்ணாம்பால் போட்டு வையுங்கள். வெளிச் சதுரம் 70 அடி, உள் சதுரம் 49 அடி. மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருந்தால்தான் சதுரம் சரி. டிரைவரிடம் “உள் சதுரத்தை நேராக 7 அடி இறக்குங்கள், பிறகு வெளிக்கோட்டிலிருந்து உள் அடிக்குச் சீவுங்கள்” என்று சொன்னால் போதும். சரிவு தானாகச் சரியாக வரும்.

மேல்மண் அரை அடியை முதலில் வழித்துத் தனியே குவிக்கச் சொல்லுங்கள். வெள்ளாமை விளையும் மண் அது. அடிமண்ணோடு கலந்து கரைக்குப் போய்விட்டால் போனதுதான். கரைக்கு 6,000 கன அடி மண் போதும், அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடி அரையடியாகப் பரப்பி வண்டியை ஏற்றி இறுக்க வேண்டும். மிஞ்சும் அடிமண்ணைப் பள்ளமான இடத்தில் பரப்பி, அதன் மேல் வழித்துவைத்த மேல்மண்ணை இழுத்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு ஏற்ற காலம் சித்திரை முதல் ஆடி வரை. வேளாண்மைப் பொறியியல் துறையில் புல்டோசர், ஜேசிபி வாடகைக்குக் கிடைக்கும், தனியார் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

12. தண்ணி உள்ளே வர்ற இடத்துல பெரிய ஓடை மாதிரி அரிச்சுப்போச்சு. என்ன பண்ண?

வரத்து வாயில் கல் பதிக்காமல் விட்டதால் வந்த வினை. பெரும்பாலான குட்டைகள் கெடுவது கசிவால் அல்ல, இந்த ஓர் இடத்தால்தான். தண்ணீர் நாலு பக்கமும் இறங்க விடாமல் ஒரே வழியில் கொண்டு வாருங்கள். அதற்கான வாய்க்கால் நூறடிக்கு மூன்று முதல் ஆறு அங்குலம் மட்டும் சரிந்தால் போதும், அதற்கு மேல் போனால் வாய்க்காலே அரிக்கும்.

குட்டை வாய்க்குப் பத்தடி முன்னால் 6க்கு 6 அடி, மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி. ஓடிவரும் வேகம் அங்கே அடங்கி மணலும் குப்பையும் தங்கும். குழியிலிருந்து குட்டைக்குள் இறங்கும் சரிவில் மூன்றடி அகலத்துக்குக் கற்களைச் செங்குத்தாக நெருக்கிப் பதியுங்கள். நடு தாழ்ந்து இரு ஓரமும் உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கல்லுக்குப் பக்கத்து மண்ணில் வழி தேடும். கல்வரிசை குட்டையின் அடிவரை போய், அங்கேயும் ஒரு கல் மேடை இருக்கட்டும். குழாய் வைப்பதானால் 6 அங்குலம் மூன்று ஏக்கர் ஓட்டத்துக்குப் போதாது, பத்து பன்னிரண்டு அங்குலம் வேண்டும். குப்பை அடைத்தால் அதுவும் பயனில்லை. திறந்த கல்சரிவே மேல்.

13. நிறைஞ்ச பிறகு மிச்சத் தண்ணி எங்க போகும்?

நீங்கள் வழி விடாவிட்டால் கரையில் இளைத்த இடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தாழ்ந்த பக்கத்தில் நாலடி அகலத்துக்குக் கரையைத் திறந்து கலிங்கு விடுங்கள். அதன் அடி வெட்டாத கன்னித்தரையாக இருக்க வேண்டும், கொட்டிய மண்ணின் மேல் கலிங்கு வைத்தால் முதல் வெள்ளத்தில் போய்விடும். அதிலும் கல் பதித்து, வெளியேறும் தண்ணீர் உங்கள் வரப்பு வாய்க்கால் வழியாகப் பழைய போக்கிலேயே போகட்டும்.

14. அப்ப குட்டை நிறைஞ்சதும் கரையில குழாய் பதிச்சு ஈர்ப்பு விசையில பாய்ச்சலாமா?

தண்ணீர் தரைக்குக் கீழே நிற்கிறது, ஈர்ப்பில் மேலே வராது. கீழ்க்காடு ஏழடி தாழ்ந்திருந்தால் முடியும், ஆனால் கரைக்குள் பதித்த குழாயை ஒட்டியே கசிவு வழி பிடிக்கும். களர் மண்ணில் இது உறுதி. கரைக்கு மேலாகவே குழாயைப் போட்டு இறையுங்கள்.

15. கசியாம இருக்க உள்ளே பிளாஸ்டிக் ஷீட் போடணுமா வேண்டாமா? எத்தனை மைக்ரான் கனம்?

இந்தக் கேள்வியை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 5-ஆவது கேள்விக்கு விடை சரியாக இருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். வரத்து இல்லாத குட்டைக்கு எந்த ஷீட்டும் தண்ணீர் தராது. நல்ல கரிசலுக்கு ஷீட் தேவையே இல்லை. சரளை, மணற்பாங்கான செவல், சுக்கான் என்றால் வேண்டும். 500 மைக்ரான் எச்டிபிஇ, ஐ.எஸ். 15351 முத்திரை உள்ளது வாங்குங்கள். அரிசி காயவைக்கும் தார்ப்பாய் ஒரு கோடையைத் தாங்காது.

அளவு இப்படி: அடி 49, இரு சரிவுகளின் நீளம் 12.6 வீதம் 25, மேலே புதைக்க இரு பக்கமும் மூன்றடி வீதம் 6. ஆக 80க்கு 80 அடி, சுமார் 600 சதுர மீட்டர். துண்டுகளைக் கடைக்காரரே தொழிற்சாலையில் ஒட்டிக் கொண்டுவந்தால் நல்லது, காட்டில் வைத்து ஒட்டினால் தூசி உட்கார்ந்து ஒட்டு விடும்.

போடுவதற்கு முன் வேரும் கூர்க்கல்லும் பொறுக்கி, சலித்த மண் இரண்டு அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தட்டுங்கள். வாய் ஓரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் சுற்றிலும் சாலெடுத்து ஓரத்தை அதில் இறக்கி மண்ணால் மூடுங்கள். நடுவெயிலில் இழுத்து விறைப்பாகக் கட்டினால் இரவுக் குளிரில் சுருங்கி ஒட்டு பிரியும். காலையில் சற்றுத் தளர்வாக விரித்து, உடனே இரண்டடி தண்ணீராவது விட வேண்டும். காலி ஷீட்டை ஒரே காற்று புரட்டிவிடும்.

16. ஷீட்டுக்குப் பணமில்லை. வேற வழி?

கண்மாய் வண்டலோ கரம்பையோ கொண்டுவந்து அடியிலும் சரிவிலும் அரையடி கனத்துக்குப் பரப்பி, முதல் மழை ஈரத்தில் சேறாக மிதித்து இறுக்குவது பழைய முறை. கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் அடிக்கு உதவும், சரிவுக்கு ஆள் கால்தான். வருடா வருடம் சாணிக்கரைசல் ஊற்றினால் துளைகள் அடையும். கசிவு நிற்காது, குறையும். மிதமான கசிவுள்ள மண்ணுக்கு இது போதும். மணலுக்கு வீண் உழைப்பு.

17. கசிஞ்சா என்ன, கிணத்துக்குத்தானே போகுது?

போகும், உங்கள் கிணற்றுக்குத்தான் போகும் என்பது நிச்சயமில்லை. குட்டை கிணற்றுக்கு மேல்மேட்டில் ஐம்பது நூறு அடி தள்ளி இருந்தால் ஊற்று கூடுவதைத் தை, மாசியில் பார்க்கலாம். கிணற்றுக்குக் கீழே இருந்தால் கீழ்க்காட்டுக்காரருக்கு நல்லது. உயிர்த்தண்ணீருக்கு வெட்டுவதா, ஊற்றுக்கு வெட்டுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஊற்றுக்கு என்றால் ஷீட் வேண்டாம், சரளை மண்தான் நல்லது, வருடா வருடம் அடியைக் கிளறி வண்டலை எடுக்க வேண்டும்.

கலங்கல் குட்டைத் தண்ணீரை நேராகப் போர்வெல்லுக்குள் விடச் சொல்வார்கள். விடாதீர்கள். ஊற்றுக்கண் அடைபட்டால் போரே போச்சு, காட்டில் அடித்த மருந்தும் நிலத்தடிக்கு இறங்கும்.

18. தண்ணி வேகமா குறையுது. ஆவியாகுதா, கசியுதான்னு எப்படித் தெரியும்?

ஒரு பிளாஸ்டிக் வாளியில் அடியில் கல்லைப் போட்டு, ஆழம் குறைந்த ஓரத்தில் பாதி முங்கும்படி வையுங்கள். வாளிக்குள்ளும் தண்ணீர் ஊற்றி உள்ளும் வெளியும் மட்டத்தைக் குறியுங்கள். மழையும் இறைப்பும் இல்லாத மூன்று நாள் கழித்து அளந்தால், வாளிக்குள் குறைந்தது ஆவி. வெளியே அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது கசிவு.

மழைக்காலத்தில் ஆவி நாளுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர், சித்திரை வெயிலில் 7 வரை. நிறைந்த குட்டையில் 4 மில்லிமீட்டர் என்றால் நாளுக்கு 1,800 லிட்டர், இரண்டு மாதத்தில் ஒரு லட்சம். வாளிக்கு வெளியே நாளுக்கு 20 மில்லிமீட்டர் போகிறதென்றால் 16-க்குப் போங்கள். திடீரென்று ஒரே இரவில் அரையடி இறங்கினால் நண்டு வளையோ எலி வளையோ தேடுங்கள், இறங்கிய மட்டத்துக்கு நேரே இருக்கும். வளைக்குள் களிமண் உருண்டைகளைத் திணித்து இடிக்க வேண்டும், வெளிவாயை மட்டும் மூடினால் பலனில்லை.

19. மீன் விடலாமா? பணம் பார்க்கலாம்னு சொல்றாங்க.

நாலடிக்குக் குறையாமல் ஐந்தாறு மாதம் தண்ணீர் நின்றால் விடலாம். ஆனால் 4-ல் சொன்ன உயிர்த்தண்ணீரை இறைத்தால் மீனுக்கு இருக்காது, மீனுக்கு வைத்தால் பயிருக்கு இருக்காது. இரண்டில் ஒன்றை முதலில் வையுங்கள். மானாவாரிக்காரருக்குப் பயிர்தான் முதல், மீன் குழம்புக்கும் கைச்செலவுக்கும்.

11 சென்ட் பரப்புக்கு 3, 4 அங்குலக் குஞ்சுகள் 300 போதும்: கட்லா 120, ரோகு 90, மிர்கால் 90. நிறைந்ததும் சுண்ணாம்பு 10 கிலோ கரைத்துத் தெளித்து, ஒரு வாரம் கழித்துப் பச்சைச் சாணம் 100 கிலோ போட்டு, தண்ணீர் இளம்பச்சை ஆனபின் குஞ்சு விடுங்கள். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு, மீன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கிஃப்ட் திலேப்பியாவுக்கு மீன்வளத் துறையில் பதிவு வேண்டும்.

20. விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது.

மூச்சுத் திணறல். பாசி பகலில் காற்றை விட்டு இரவில் அதையே எடுத்துக்கொள்ளும், விடியலில் தண்ணீரில் உயிர்க்காற்று மிகக் குறைவு. மேகமூட்டமாக இரண்டு நாள் இருந்தால் இன்னும் மோசம். உடனே பம்பைப் போட்டு அதே தண்ணீரை உயரத்திலிருந்து குட்டைக்குள்ளேயே விழவிடுங்கள். சாணமும் தீனியும் மூன்று நாளுக்கு நிறுத்துங்கள். வெயில் ஏறியும் மீன் இறங்காமல் சுழன்றால் மருந்து கலந்திருக்கலாம். ஸ்பிரேயரைக் குட்டையில் கழுவினார்களா என்று விசாரியுங்கள்.

21. குட்டைத் தண்ணியை சொட்டுநீருக்கு விட்டா அடைச்சுக்குது.

ஒரு திரை வடிகட்டி மட்டும் இருந்தால் அடைக்கத்தான் செய்யும். பாசிக்கு மணல் வடிகட்டி, அதற்குப் பின் தட்டு வடிகட்டி. உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளிவரும் அழுத்தத்துக்கும் அரை கிலோ வித்தியாசம் வந்தால் பின்கழுவல் செய்ய வேண்டும். பம்பின் உறிஞ்சு குழாய் முனையிலுள்ள ஃபுட் வால்வை அடியில் போடாமல் காலி டிரம்மில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்க விடுங்கள். மேலே பாசி, கீழே சேறு, நடுவில்தான் தெளிவு.

22. ரெண்டு மாசமா பால் மாதிரி கலங்கலாவே நிக்குது, தெளியவே இல்லை.

களர் தன்மையுள்ள களிமண். துகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அடங்காது. 15 லிட்டர் வாளியில் குட்டைத் தண்ணீர் எடுத்து 5 கிராம் ஜிப்சம் கலக்கி ஓர் இரவு வையுங்கள். தெளிந்தால் முழுக் குட்டைக்கு 230 கிலோ வரும். கரைத்து எல்லாப் பக்கமும் தெளிக்க வேண்டும். பாதி குட்டை என்றால் அளவும் பாதி.

23. கரையில என்ன நடலாம்? தென்னை வைக்கலாமா?

கரையின் மேலும் உட்சரிவிலும் வெட்டிவேர், கொழுக்கட்டைப் புல். வெளிச்சரிவில் முருங்கை, பப்பாளி, வாழை, தீவனப்புல். தென்னையோ வேறு பெரிய மரமோ கரையில் வேண்டாம். வேர் ஷீட்டைக் கிழிக்கும், பட்டுப்போன வேர் கசிவு வழியாகும். சீமைக்கருவேல் முளைத்தால் ஒரு சாண் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள்.

24. சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, விழுந்துட்டா?

இதை இறுதியில் கேட்கிறார்கள், முதலில் செய்ய வேண்டியது. ஷீட் போட்ட குட்டையில் நீச்சல் தெரிந்த பெரியவரும் ஏற முடியாது, பாசி படிந்த சரிவு கால் வைக்க இடம் தராது. நாலு பக்கமும் அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் அடித்த முளையிலிருந்து அடிவரை இறக்கி வையுங்கள். காற்றடைத்த டியூப் ஒன்று எப்போதும் கிடக்கட்டும். சுற்றிலும் நாலடிக் கம்பிவேலியும் பூட்டிய படலும் இல்லாமல் ஷீட் போட வேண்டாம். ஆடு மாட்டுக்கு வெளியே தொட்டி வைத்து இறைத்து ஊற்றுங்கள்.

கொசுவுக்கு மீனே மருந்து. மீன் விடாதவர்கள் ஓரத்துப் புல்லைத் தண்ணீரில் படியாமல் வெட்டினால் பாதி குறையும்.

25. வெட்டின மண்ணை வித்துட்டா செலவு ஈடாகுமே? யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

உங்கள் நிலத்துக்குள் பரப்பிக்கொள்ளுங்கள். வெளியே லாரியில் ஏற்றினால் அது சிறுகனிமம், கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் ஏற்றினால் வண்டியும் மாட்டும், நீங்களும் மாட்டுவீர்கள். “மண்ணை எடுத்துக்கிறோம், குட்டை இலவசம்” என்று வருகிறவர்கள் சரிவும் திட்டும் பார்க்க மாட்டார்கள், மண் வரும்வரை தோண்டுவார்கள்.

மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல் தயாராக இருக்கட்டும். அளவும் தொகையும் வருடத்துக்கு வருடம் மாறும். வேலை உத்தரவு கைக்கு வருமுன் வெட்டிவிட்டால் மானியம் கிடைப்பது கடினம்.

26. கீழ்க்காட்டுக்காரர் “என் தண்ணியை மறிக்கிறே”ன்னு சண்டைக்கு வர்றாரு.

உங்கள் நிலத்தில் விழுந்த மழையைப் பிடிப்பது வேறு, மேலிருந்து உங்கள் வழியாக ஓடும் ஓடையையோ கண்மாய் வரத்துக்காலையோ திருப்புவது வேறு. இரண்டாவதைச் செய்யக் கூடாது. நில வரைபடத்தில் ஓடை என்று கோடு இருந்தால் அதைத் தொடாதீர்கள். 13-ல் சொன்னபடி கலிங்குத் தண்ணீர் பழைய போக்கிலேயே போகிறது என்று மழையன்று கூட்டிவந்து காட்டினால் பாதிச் சண்டை தீரும்.

27. எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா தூர் வாரணும்?

வண்டல் குழியை ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் வழித்தால் குட்டையை மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை வாரினால் போதும். வைகாசியில் வற்றியதும் கொத்தியெடுத்துக் காட்டுக்கே போடுங்கள். மேல்காட்டிலிருந்து அரித்து வந்த உங்கள் மண்தான் அது. களிமண்ணால் இறுகிய அடியைக் கிளறிவிடாமல் வண்டலை மட்டும் வழிக்க வேண்டும், ஊற்றுக்காக வெட்டிய குட்டை என்றால் நேர்மாறு. ஷீட் இருந்தால் மண்வெட்டியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் முறமும் வாளியும் எடுங்கள்.

28. யார் யாரெல்லாம் குட்டை வெட்ட வேண்டாம்?

ஒரு ஏக்கருக்கும் குறைவான காடு, அதிலும் மேலிருந்து வரத்து இல்லாதது. கால் ஏக்கரை இழந்து பிடிக்கும் தண்ணீர் மிச்சமுள்ள முக்கால் ஏக்கருக்கு ஈடாகாது. ஆழ உழவும் வரப்பை உயர்த்துவதும் அங்கே அதிகம் தரும். கண்மாய்ப் பாசனத்தில் மடைத்தண்ணீர் தவறாமல் வரும் வயல். சுற்றிலும் மணல், ஷீட்டுக்கும் வேலிக்கும் சேர்த்துக் கையில் காசில்லாதவர்கள். குத்தகைக் காடு என்றால் நிலக்காரரிடம் எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.